வழி உனக்குத்தான், கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "இருக்கேம்மா" என்பாய். சாப்பிட்டாயா என்றால் "ஆச்சும்மா" என்பாய். கோகிலா என்று வாயெடுத்தால் மட்டும் மிஷின் கூப்பிடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். பெருந்துறையில் நீ ஓட்டுகிற அந்த மிஷினுக்கு அந்தப் பெண்ணின் பெயர் எப்படித்தான் கேட்கிறதோ, சரியாக அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது. மடித்துச் சட்டைப்பையில் போட்டாலும் அங்கே கிடந்து உறுத்திக்கொண்டுதான் இருக்கும். நாளைக் காலை நம் ஊர் வழியாக வருகிற உங்கள் கம்பெனி வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோகிலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர்கள். பையனுக்குச் சொந்தமாக லேத்துப் பட்டறை இருக்கிறது, பம்புக்கு வேண்டிய சாமான் கடைந்து கொடுக்கிறான். குணத்திலும் குறையில்லை, குடும்பத்திலும் குறையில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? விசாரித்தேன். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்றுதான் விசாரித்தேன், சாமி. கிடைக்கவில்லை. உன் நிச்சயத்தை யாரும் முறிக்கவில்லை, யாரும் நடத்தவும் இல்லை. ஆவணியில் குறித்த முகூர்த்தம் வந்தது, மழை பெய்தது, முகூர்த்தம் போய்விட்டது. இப்போது இன்னொருவர் வருகிறார். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் வேறென்ன முடிகிறது?

ஆற்றில் நடந்ததை நீ படகிலிருந்து பார்த்தாய். நான் கரையிலிருந்து பார்த்தேன். நீ என்ன பார்த்தாய் என்று போலீஸ்காரர் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஊரே கேட்டது. நான் என்ன பார்த்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை, கூடியிருக்குமோ என்னவோ. எப்படியும் சொல்லிவிடுகிறேன்.

உங்கப்பா போனபிறகு படகு உன் கைக்கு வந்தது, டிக்கெட் கொட்டகை என் கைக்கு வந்தது. இந்தக் கரைக்கு நம் படகு, அந்தக் கரைக்குக் கோகிலாவின் அப்பா படகு. பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும் என்பதால் மில்லுக்குப் போகிறவர்கள், மஞ்சள் மண்டிக்குப் போகிறவர்கள், கல்யாணம் காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நாம் இரண்டு வீட்டாரும்தான் கதி. கதவணையில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிற மாதங்களில் நம் ஆறு ஏரி மாதிரி அகலமாக அசையாமல் கிடக்கும். அப்போது யார் யாருக்கு வேண்டுமானாலும் வழி விடலாம், ஒதுங்கலாம், நின்று பேசலாம், வெற்றிலைகூட மாற்றிக்கொள்ளலாம். ஆற்றில் மரியாதைக்கு நிறைய இடம் இருக்கும். பராமரிப்பு வேலைக்காக ஷட்டரைத் தூக்கிவிட்டால்தான் கதை மாறும். தண்ணீர் இறங்கும், பாறைகள் தலை தூக்கும், தூங்கிக்கொண்டிருந்த ஆறு ஓட ஆரம்பிக்கும். நம் துறையிலிருந்து போவதற்கு இரண்டு பாறை வரிசைக்கு நடுவே இடுக்கு ஒன்றுதான் வழி. அதில் ஒரு படகு போகும். இரண்டாவது படகுக்கு இடமில்லை.

அந்த இடுக்கில் நீ இறங்குகிறவன், தண்ணீரோடு போகிறவன். அந்தக் கரையிலிருந்து வருகிறவர் தண்ணீரை எதிர்த்து ஏறுகிறவர். இறங்குகிறவனுக்குத்தான் வழி, ஏறுகிறவன் கீழ்வாயில் நிற்கவேண்டும். இது எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் இதை மீறி யாரும் படகு ஓட்டியதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பாவம், எதிர்த்து ஏறுகிறவன்தானே திணறுகிறான், அவனுக்கல்லவா முதலில் விடவேண்டும் என்று உங்கப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "ஏறறவன் மோட்டார மெதுவா வெச்சுட்டு அங்கயே நின்னுக்கலாம் புள்ள. எறங்கறவனால நிக்க முடியாது. இது மரியாதைக்கு உடற வழி இல்ல, பிரேக்கு இல்லாததுக்கு உடற வழி" என்றார்.

அவர் ஆற்றில் ரொம்பக் கறாரான மனுஷன், உனக்கே தெரியும். துணி துவைக்கிற பெண்கள் இருக்கிற பக்கம் வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார், அலை போய் அவர்கள் வாளியை உருட்டிவிடக் கூடாது என்று. பரிசலில் வலை போட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு முன்னால் வெட்டிப் போகமாட்டார், பின்னால் சுற்றித்தான் போவார். இடுக்குக்குள் நுழையும் முன்னால், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "வாரேனுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். காலியாகக் கிடக்கிற ஆற்றுக்கும் அந்த 'ங்க' உண்டு. நீயும் அப்படித்தான் கொடுத்தாய். உன் குரல் அவர் குரல் மாதிரியே இருப்பதாகத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கும்.

ஆனால் ஆற்றில் கறாராக இருந்த உங்கப்பா வீட்டு வாசலில் வேறு ஆள். அவரும் அவர் சிநேகிதர் ஒருவரும் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் நின்று "நீங்க உக்காருங்க", "இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த இரண்டு இலையிலும் வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ அவருக்கு ஒரு படி மேல். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது டவுன் பஸ் படிக்குக் கீழே நின்று எல்லோரையும் "ஏறுங்க, ஏறுங்க" என்று ஏற்றிவிட்டு, பஸ் போனபிறகு வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்பாய். உன்னை அடிப்பதா, கொஞ்சுவதா என்று எனக்குத் தெரியாது. தெருவில் உன்னைப் போல மரியாதையான பிள்ளை உண்டா என்று நாலு பேர் சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. நாயை விரட்டும்போதுகூட "போங்க" என்று சொல்கிற ஊர் இது. இதில் நான் உன்னை மட்டும் எப்படி வேறு மாதிரி வளர்ப்பேன்?

நிச்சயம் ஆகிறவரைக்கும் கோகிலாவின் அப்பாவை நீ "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாய். எத்தனையோ கோடையில் அந்த இடுக்கில் நீ இறங்கியிருக்கிறாய், அவர் கீழே நின்றிருக்கிறார். ஒரு குரல், ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். நிச்சயத்துக்கு மறுநாளிலிருந்து அவர் உனக்கு மாமா ஆனார். நீ அவருக்கு மாப்பிள்ளை ஆனாய். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்கவும், அவர் எதிரில் உட்காரவும் உனக்குக் கூச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் கேலி செய்தேன். படகு ஓட்டும்போது என்ன செய்வாய், நின்றுகொண்டே ஓட்டுவாயா என்று கேட்டேன். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். தண்ணீர் அப்போது நிறைந்திருந்தது. ஷட்டர் திறக்க இன்னும் நாள் இருந்தது. நாம் யாரும் இடுக்கை நினைக்கவில்லை.

அன்றைக்குக் காலை நம் கொட்டகையில் மில் ஆட்களும் காய்கறிக் கூடைக்காரர்களுமாக நல்ல கூட்டம். ஏற்றிக்கொண்டு புறப்பட்டாய். இடுக்கின் மேல்வாயில் நீ மோட்டாரைப் பின்னுக்குப் போட்டு, கழியைப் பாறையில் ஊன்றிப் படகை நிறுத்தினாய். மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து எழுந்து நின்றேன். கீழ்வாயில் அவர் படகு நின்றுகொண்டிருந்தது, நிற்கவேண்டியபடி. அப்புறம்தான் உன் குரல் கேட்டது: "நீங்க வாங்க மாமா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீரோடு இறங்குகிறவன் நின்றுகொண்டு, ஏறுகிறவரை வரச் சொல்கிறானே! அவரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "இல்லீங்க, நீங்க வாங்க மாப்பிள்ள" என்றார். மறுபடி நீ. மறுபடி அவர். உன் படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் படகிலும் சிரித்தார்கள். மாமனாரும் மருமகனும் என்ன ஒரு மரியாதை என்று கொட்டகையில் என் பக்கத்தில் நின்ற பொம்பளை மெச்சிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழி வளைவது எனக்குத் தெரிந்தது.

கண்ணு, பந்தியில் நாம் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால் போதும் என்போம். மறுபடி கேட்டால் அப்போதும் போதும் என்போம். மூன்றாவது தடவையும் கேட்டால் மறுக்கமாட்டோம், இலையை நீட்டிவிடுவோம். அதற்குமேல் மறுத்தால் வைக்கிறவர் முகம் வாடிவிடும். நீயும் அவரும் அதைத்தான் செய்தீர்கள். மாமனார் இவ்வளவு தூரம் சொல்லும்போது மீறக்கூடாது என்று உனக்குத் தோன்றிவிட்டது. மாப்பிள்ளை இவ்வளவு தூரம் சொல்லும்போது மீறக்கூடாது என்று அவருக்கும் தோன்றிவிட்டது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் "சரிங்க, வாரேனுங்க" என்றீர்கள். கரையில் நின்ற எனக்கு அது ஒரே ஆளின் குரல் மாதிரிக் கேட்டது. உங்கள் இரண்டு பேருக்கும் அவரவர் குரல்தான் கேட்டிருக்கும். நீ கழியை எடுத்தாய். அவர் மோட்டாரை முடுக்கினார்.

நான் கத்தினேன். வாழ்க்கையில் ஒருபோதும் அவரை 'ங்க' போடாமல் பேசாதவள், "நில்லு, நில்லு" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். டிக்கெட் கட்டை வீசினேன். மோட்டார் சத்தத்தில் எதுவும் போய்ச் சேரவில்லை. தண்ணீரில் இறங்கி முழங்கால்வரை ஓடினேன். ஓடி என்ன செய்ய? நடு இடுக்கில் உன்னைப் பார்த்ததும் அவர் தன் படகைப் பாறைப் பக்கம் ஒடித்துத் திருப்பினார், அப்போதும் உனக்கு வழி விட. படகு பாறையில் மோதிவிடக் கூடாது என்று இடது காலை நீட்டிப் பாறையை உதைத்தார். அந்த நேரத்தில் உன் படகு வந்து அவர் படகை இடித்தது. அவர் படகு சாய்ந்து அதில் இருந்த எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். மார்பளவுத் தண்ணீர்தான், ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பாறையில் ஏறிவிட்டார்கள். ஒரு உயிருக்கும் சேதமில்லை, கடவுள் புண்ணியம். அவர் கால் மட்டும் படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் கிடக்க, நீ பக்கத்தில் நிற்க, இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்தீர்கள். தப்பு என்மேல், மாப்பிள்ளைக்கு வழி விட்டிருக்கவேண்டும் என்று அவர். இல்லை மாமா, தப்பு என்மேல், நான்தான் வந்திருக்கவேண்டும் என்று நீ. விசாரிக்க வந்த போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, நான் இல்ல நான் இல்லன்னு சொல்றவங்களத்தான் நான் பாத்திருக்கறேன். தப்புக்குப் போட்டி போடறவங்கள இப்பத்தான் பாக்கறேன். நான் என்னத்தீங்க எழுதறது?" என்றார். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாய். கோகிலா உனக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். நீ வாங்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அடுத்த வாரமே பெருந்துறைக்குப் போய்விட்டாய்.

இப்போது இரண்டு படகும் கரையில் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் பாலத்தைச் சுற்றிப் போய்க்கொண்டு நம்மைத் திட்டுகிறார்கள், 'ங்க' போட்டுத்தான். நான் பழக்கதோஷத்தில் தினமும் கொட்டகையைத் திறந்து உட்கார்ந்துகொள்கிறேன். உட்கார்ந்து அந்தக் கரையைப் பார்க்கிறேன். நாம் எல்லோரும் இன்னும் அந்த இடுக்கின் இரண்டு வாயிலும்தான் நிற்கிறோம், கண்ணு. நீ நினைக்கிறாய், அவர் காலை ஒடித்துப்போட்டு எந்த முகத்தோடு போய் அவர் பெண்ணைக் கேட்பது, அவர்களாகக் கூப்பிட்டால் போகலாம் என்று. அவர் நினைக்கிறார், ஊன்றுகோலோடு நிற்கிறவன் வாயைத் திறந்தால் மாப்பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடும், அவராக வந்தால் வரட்டும் என்று. அவர் இப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அவரை எனக்குத் தெரியும், உன்னையும் தெரியும்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. போன மாதம் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்றைக்குப் பேசிவிடுவது என்று வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் எழுந்திருக்க முயன்றார், நான் பதறி உட்காரச் சொன்னேன். மழையைப் பற்றிப் பேசினோம். மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்று பேசினோம். காப்பி வந்தது, வேண்டாம் என்றேன், பிறகு குடித்தேன். அவர் பேசுவார் என்று நான் பார்த்தேன், நான் பேசுவேன் என்று அவர் பார்த்தார். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்தார். வந்து நின்று, "மாப்பிள்ள நல்லா இருக்காருங்களா அம்மணி?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். கேளுங்கள் என்று கதவைத் திறந்து வைத்தாற்போல இருந்தது. "இருக்கானுங்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஏன் கேட்கவில்லை என்றால், உனக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன், உன் மனசு எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை சாமி. நான் கேட்டு, அவர் சரி என்று சொல்லி, நீ வரவில்லை என்றால்? கால் ஒடிந்து கிடக்கிறவருக்கு அந்த அவமானத்தையும் நான் கொண்டுபோய்க் கொடுப்பதா? அந்தக் காலைப் பார்க்க முடியாமல் ஓடினாயா, அவளே வேண்டாம் என்று ஓடினாயா? இரண்டில் எது என்று நீ சொன்னால்தான் என்னால் ஒரு அடி எடுத்துவைக்க முடியும். நீ சொல்லமாட்டேன் என்கிறாய். உன்னை உலுக்கிக் கேட்க நீ கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை. கிட்டே இருந்தாலும் உன்னை உலுக்குகிற வயசு எனக்குப் போய்விட்டது.

புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் ஆற்றுக்காரன் பெண்டாட்டியாக ஒன்றைச் சொல்கிறேன். வழி உனக்கு இருக்கும்போது நீ நின்றால், எதிரே இருக்கிறவர் என்ன செய்வார்? வரவும் முடியாது, போகவும் முடியாது. கலங்கித்தான் நிற்பார். இதிலும் வழி உனக்குத்தான். போய்க் கேட்பது நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டு வேலை. பெண்ணைப் பெற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நிற்கமாட்டார், நிற்கவும் கூடாது. அவர் முதலில் பேசட்டும் என்று நீ காத்திருப்பது உனக்கு மரியாதையாகத் தெரியலாம். கரையில் நிற்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து சொல். வேண்டாம் என்றாலும் போய்ச் சொல். அதைக் கேட்டு அவர் அழட்டும், நானும் அழுகிறேன். வேண்டாம் என்பதையும் உன் வாயால் கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இதையெல்லாம் எழுத வைத்தது கோகிலாதான். இன்றைக்கு மத்தியானம் வந்தாள். வேலை பார்க்கிற மஞ்சள் மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ் மாறி, கொட்டகைக்கே வந்துவிட்டாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஆற்றையே பார்த்துக்கொண்டு பெரியநாயக்கன்பாளையத்துச் செய்தியைச் சொன்னாள், யாரோ ஒரு பெண்ணின் செய்தி மாதிரி. தரகர் தானாகக் கொண்டுவந்த ஜாதகமாம். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். வருகிறவர்களை வராதே என்று எப்படிச் சொல்வது என்றாராம். அவருக்கு அப்படித்தான் வாய் வரும். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க அத்த," என்றாள். "உங்க ஊட்டுல இருந்து வரட்டும்னு எங்கப்பா பாத்துட்டு இருக்காரு. எங்க ஊட்டுல இருந்து வரட்டும்னு நீங்க பாத்துட்டு இருக்கறீங்க. அவரு பெருந்துறைல போய் உக்காந்துட்டு இருக்காரு. எல்லாரும் எல்லாருக்கும் நல்லாத்தான் வழி உடறீங்க. நடுவுல நான் எங்கீங்க போறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அவனுக்குப் போன் போட்டாயா கண்ணு என்று அவளிடம் கேட்டேன். போட்டாளாம், நீ எடுத்து, அப்பா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாயாம், வைத்துவிட்டாயாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்யட்டும்? வருவான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வராவிட்டால் என்று அதை விழுங்கிவிட்டேன். வரமாட்டான், நீ உன் வழியைப் பார் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பாள். இல்லாததால்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் உன் அம்மா என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். மழை வருகிற மாதிரி இருந்தது. குடையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பிறகு அவள், "ஞாயித்துக்கெழம நான் சீல கட்டோணுங்களா, வேண்டாங்களா அத்த? அத மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்" என்றாள்.

பஸ் வருகிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணு. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இன்றைக்குப் புதன்கிழமை.

அம்மா